நாலாம் நம்பர் மாப்பிள்ளை

என் அண்ணன் ஒரு கல்லுளிமங்கன். வீடு தீப்பிடித்து எரிந்தாலும், எழுதிக்கொண்டிருந்ததை சேவ் செய்துவிட்டுத்தான் நாற்காலியை விட்டு எழுந்திருப்பான். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும், அதை நாங்கள் பொறுக்கி விற்றுவிடுவோம் என்று பயமோ என்னவோ. "ம்", "சரி", "பாக்கலாம்" என்ற மூன்றே சொற்களை வைத்துக்கொண்டு முப்பத்தெட்டு வயதுவரை வண்டியை ஓட்டிவிட்டான்.

படித்து முடித்ததும் முதலில் ஒரு செருப்புக்கடையில் வேலைக்குச் சேர்ந்தான். வருகிறவர்களைக் கவனிக்காமல் பின்னறையில் உட்கார்ந்து பெட்டிகளை அளவு வாரியாக, நிறம் வாரியாக, குதிகால் உயரம் வாரியாக அடுக்கிக்கொண்டிருந்தான். "தம்பி, ரொம்ப அழகா அடுக்குற. உங்க வீட்டுக்குப் போய் அடுக்கு" என்று முதலாளி அனுப்பிவிட்டார். அந்த அவமானத்தில்தான் அவன் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டான் என்பது அம்மாவின் கதை. எனக்கென்னவோ அவனுக்கு அது அவமானமாகவே பட்டிருக்காது என்று தோன்றுகிறது. அழகாக அடுக்குகிறான் என்று ஒரு மனிதர் சொல்லிவிட்டாரே, அது போதும் அவனுக்கு.

இப்போது எங்கள் சாப்பாட்டு மேசையின் ஒரு பாதி அவனுடையது. மறுபாதியில் நாங்கள் சாப்பிடுவோம். மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே முட்டி தெரிய ஒரு பழைய டிரவுசர் என்று உட்கார்ந்து, பல் ஆஸ்பத்திரிக்கு ஒன்று, டிரைவிங் ஸ்கூலுக்கு ஒன்று என்று சின்னச் சின்னதாகப் புரோகிராம் எழுதித் தருவான். சாம்பார் தெறித்தால் கீபோர்டைத்தான் முதலில் துடைப்பான். தட்டு அப்புறம்.

நான் பல் செய்கிறவள். பல் வைத்தியர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு, மெழுகில் செதுக்கி, பீங்கானில் சுட்டு, பொய்ப்பல் செய்து தருகிற ஒரு லேபில் இருக்கிறேன். ஒருவருடைய வாயில் மற்ற பற்கள் என்ன பழுப்போ அதே பழுப்பில், ஓரத்தில் அதே மெல்லிய நீலம் ஓடுகிற மாதிரி ஒரு பல்லைச் செய்துவிட்டால் எனக்கு அன்றைக்கு முழுவதும் கால் தரையில் பாவாது. ஊரில் எத்தனையோ பேர் நான் செய்த பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். இந்த வேலையை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

ஆனால் முப்பத்து மூன்று வயதில் கல்யாணமாகாத பெண் என்றால் தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் அக்கறை பொத்துக்கொண்டு வருகிறது. அண்ணனுக்கு முதலில் பாருங்களேன் என்றால், "தங்கச்சிக்கு முடியட்டும்" என்று அவன் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வான். ஆக எல்லா அம்பும் எனக்கு.

அப்படித்தான் மரக்கடை வீட்டு வரன் வந்தது. கொண்டுவந்தவர் திருமணத் தகவல் மையம் நடத்தும் ஒரு பெரியம்மா. புரோக்கர் என்று சொன்னால் அவருக்குப் பிடிக்காது. அதனாலேயே நாங்கள் புரோக்கரம்மா என்போம். நல்ல குடும்பம், சொந்தக் கடை, பையன் சாது, ஒரே ஒரு நிபந்தனை: கல்யாணத்துக்குப் பிறகு பெண் வேலைக்குப் போகக்கூடாது. "ஊரார் எச்சிப் பல்லயெல்லாம் தொட்ட கையால எங்க வீட்ல சமைக்கிறதா?" என்று பையனுடைய அம்மா கேட்டாராம். அப்பா பாதி வாக்குக் கொடுத்துவிட்டு வந்து எங்களிடம் சொன்னார்.

"நான் வேலைய விட மாட்டேன்" என்றேன்.

"போகப்போகச் சரியாயிடும்மா" என்றார் அப்பா. அவர் அகராதியில் எல்லாமே போகப்போகச் சரியாகும். ஒழுகுகிற குழாய் உட்பட.

"வேலை எங்கடி ஓடிப்போகுது? ஒனக்கு வயசுதான் ஓடுது" என்றாள் அம்மா.

நான் கத்தினேன், அழுதேன். மேசையின் மறுபாதியில் அண்ணன் டொக்கு டொக்கென்று தட்டிக்கொண்டேயிருந்தான். எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். கடைசியில் தலையைத் திருப்பாமலேயே டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டான். அந்தப் பெட்டியை அவன் தலையிலேயே போட்டிருக்க வேண்டும்.

அவன் அப்போது எழுதிக்கொண்டிருந்ததே புரோக்கரம்மாவின் புரோகிராம்தான். வரன் பேச வந்த அன்றே மேசையைப் பார்த்துவிட்டு, "தம்பிக்கு இந்த வேலையா? நம்ம மையத்துல இருக்கிறது நத்தையாட்டம் ஊருது, புதுசா ஒண்ணு பண்ணிக் குடுங்க" என்று அவர் சொல்லிவிட்டார். பெண்ணையும் மாப்பிள்ளையையும் கேள்விக்குக் கேள்வி ஒப்பிட்டுப் பார்த்து, எத்தனை சதவீதம் பொருத்தம் என்று சொல்ல வேண்டும். அதுதான் வேலை.

புரோகிராம் எழுதுகிற சாஃப்ட்வேர் அண்ணனிடம் இருந்தது. ஆள் விவரமெல்லாம் இருக்கிற டேட்டாபேஸ் மையத்தில் இருந்தது. இரண்டையும் இணைக்க வேண்டும். ஆனால் புரோக்கரம்மாவிடம் பாஸ்வேர்டு கேட்டால், சாவிக்கொத்தைக் கேட்ட மருமகளைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "தம்பி, அதுதான் என் பிழைப்பு. நீங்க வேலைய முடிங்க, கடைசியில நானே கூட இருந்து போட்டுத் தரேன்." சரி, எந்தெந்த விவரங்கள் இருக்கின்றன என்றாவது சொல்லுங்கள் என்றதற்கு, நான் நிரப்பிய பெண் ஃபாரத்தையே எடுத்து நீட்டினார். "பொண்ணுக்கு இதுதான். மாப்பிள்ளைக்கும் இதே மாதிரிதான் இருக்கும், பாத்துக்கங்க."

அண்ணன் தன் கம்ப்யூட்டரிலேயே சோதனைக்காக ஒரு சின்ன டேட்டாபேஸை உண்டாக்கினான். அதை இணைக்கவே பெரும்பாடு பட்டான். இணைப்பதற்கு 'டிரைவர்' என்று ஒரு குட்டிப் புரோகிராம் வேண்டுமாம். டிரைவர் கிடைக்கவில்லை, டிரைவர் கிடைக்கவில்லை என்று அவன் முனகியதைக் கேட்டு, "பஸ்ல போயேன்டா" என்றாள் அம்மா. ஒருவழியாக ஒருநாள் பச்சைப் புள்ளி எரிந்தது, இணைந்துவிட்டது.

பெண்களுக்கு ஒரு அட்டவணை போட்டான். அடுத்து மாப்பிள்ளைகளுக்கு. இங்கேதான் என் அண்ணனுடைய மாபெரும் குணம் வெளிப்பட்டது: சோம்பேறித்தனம். புதிதாக யோசிப்பானேன் என்று பெண்களின் அட்டவணையை அப்படியே நகலெடுத்து, மேலே 'மாப்பிள்ளை' என்று பெயரை மட்டும் மாற்றிவிட்டான். ஆக, பெண் ஃபாரத்தில் இருந்த அத்தனை கேள்வியும் மாப்பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்தது. சமைக்கத் தெரியுமா? கல்யாணத்துக்குப் பிறகு வேலையை விடச் சம்மதமா? மாமனார் மாமியாரோடு ஒரே வீட்டில் இருக்கச் சம்மதமா? கோபம் வருமா? சத்தமாகச் சிரிப்பீர்களா?

பிறகு சோதனைக்கு ஆட்கள் வேண்டுமே. பெண்ணாக என்னைப் போட்டான். மாப்பிள்ளைகளாகச் சிலரைக் கற்பனையில் செய்தான். நாலாவது ஆளை மட்டும் பார்த்துப் பார்த்துச் செய்தான், ஏனென்றால் நூறு சதவீதம் என்ற எண் திரையில் சரியாக வருகிறதா என்று தெரிய வேண்டும். படத்துக்கு, ஃபோட்டோ ஃப்ரேம் வாங்கினால் உள்ளே ஒரு ஆள் சிரித்துக்கொண்டு வருவாரே, அவரைப் போட்டான்.

மறுநாள் அவன் குளிக்கப் போயிருந்தபோது அம்மா டீ வைக்க வந்தாள். திரையில் என் படம். பக்கத்தில் ஒரு சிரித்த முகம். நடுவில் பச்சையில் நூறு சதவீதம். மையத்தின் வழக்கப்படி பணம் கட்டும்வரை மாப்பிள்ளையின் பெயர் தெரியாது, வரிசை எண் மட்டும்தான். நாலு.

"சமையல்: நன்றாகச் சமைப்பார்" என்று அம்மா வாய்விட்டுப் படித்தாள். "வேலையை விட: சம்மதம். மாமியாரோடு இருக்க: மிகவும் சம்மதம். கோபம்: வராது." டீ ஆறியது. "எங்கயோ பாத்துப் பழகின முகமா இருக்கே" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு நேராக ஃபோனை எடுத்து, மரக்கடை வீட்டம்மாவைக் கூப்பிட்டு, "மன்னிச்சுக்கங்க, எங்களுக்கு வேற நல்ல இடம் அமைஞ்சிருச்சு" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டாள். அண்ணன் துண்டோடு வெளியே வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"நாலாம் நம்பர் வீட்டு ஃபோன் நம்பர் குடுடா."

அவனுக்குப் பேயறைந்த முகம். உண்மையைச் சொல்ல வேண்டிய இடத்தில், "பாஸ்வேர்டு வரணும்" என்றான். இரண்டு வார்த்தைகள். அவன் கணக்கில் அது சொற்பொழிவு.

அன்று சாயங்காலம் மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது என்னிடம் விஷயத்தைச் சொன்னான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகுதான் எனக்கு உறைத்தது. நாலாம் நம்பர் என்று ஒருவன் இல்லை என்று தெரிந்த மறுநிமிடம் அம்மா மரக்கடை வீட்டுக் காலில் போய் விழுவாள். விழுந்தால் அவர்கள் நிபந்தனையை இன்னும் இறுக்குவார்கள். என் வேலைக்கு அன்றோடு மங்களம்.

அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை. அம்மாவோ தெருவில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளை நன்றாகச் சமைப்பாராம் என்று பக்கத்து வீட்டம்மாள் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். இல்லாத மனிதருக்காக நான் வெட்கப்பட்டுச் சிரிக்க வேண்டியிருந்தது.

கடைசியில் மையத்தின் டேட்டாபேஸோடு இணைக்கிற நாள் வந்தது. அம்மாவும் கிளம்பிவிட்டாள், தடுக்க முடியவில்லை. அவளை அண்ணனோடு தனியே விட எனக்குப் பயம். லேபில் லீவு சொல்லிவிட்டு நானும் போனேன்.

ஒரு டயர் கடைக்கு மேலே மாடியில் இருந்தது மையம். ரப்பர் வாசனையில் கல்யாணப் பேச்சு. சுவர் முழுக்க ஜோடிகளின் படம். மூலையில் ஒரு இரும்பு அலமாரி. அதற்குள்தான் கம்ப்யூட்டர், பூட்டுப் போட்டு. மூச்சுவிட அலமாரியில் இரண்டு ஓட்டை போட்டிருந்தார்கள். அண்ணன் ஒரு ஓட்டை வழியாக ஒயரை இழுத்துத் தன் லேப்டாப்பில் செருகினான். முகவரியைப் போட்டான், எண்ணைப் போட்டான். பாஸ்வேர்டு கேட்டது. புரோக்கரம்மா எங்களைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, அவன் காதருகே குனிந்து ஒவ்வொரு எழுத்தாக ஓதினார். பச்சைப் புள்ளி எரிந்தது.

"நாலாம் நம்பரக் கூப்பிடு" என்றாள் அம்மா.

அண்ணன் ஒரு பொத்தானை அழுத்தினான். திரை முழுக்கச் சிவப்பில் பிழைச் செய்திகள். அவன் மூக்கைத் திரையில் ஒட்டிக்கொண்டு படித்தான். பிறகு என் அண்ணனா என்று சந்தேகப்படும் அளவுக்குச் சத்தமாக, "மேடம், மாப்பிள்ளைங்க பக்கம் சமையல்ன்னு ஒரு கட்டமே இல்லயே" என்றான்.

"ஆம்பளைக்கு எதுக்குத் தம்பி அது?"

"வேலைய விடச் சம்மதமாங்கிறதும் இல்ல. மாமியாரும் இல்ல. கோபம் வருமாங்கிறதுகூட இல்ல."

"அதெல்லாம் போய் அவங்ககிட்ட எப்படிக் கேக்கிறது?"

நான் எட்டிப் பார்த்தேன். பெண்களின் அட்டவணை திரைக்கு வெளியே ஓடிக்கொண்டே போனது. மாப்பிள்ளைகளின் அட்டவணையில் உயரம், வேலை, சம்பளம், வீடு, கார். முடிந்தது கதை. எத்தனை வருடமாகவோ, எத்தனை பெண்களையோ சத்தமாகச் சிரிப்பீர்களா என்று கேட்ட அலமாரி, ஒரு ஆம்பளையைக்கூடக் கோபம் வருமா என்று கேட்டதில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அப்ப நாலாம் நம்பர்?" என்றாள் அம்மா.

"நாலா?" புரோக்கரம்மா சிரித்தார். "அவருக்கு நான்தான் முடிச்சு வச்சேன். பேரனே எடுத்துட்டாரு."

அம்மா அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் ஒயரைப் பார்த்தான். பிறகு, தான்தான் அந்த ஆளைச் செய்தேன், படம் ஃப்ரேமில் வந்தது என்று தரையைப் பார்த்தபடி சொன்னான். அம்மா பக்கத்தில் கிடந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அவள் திட்டியதை எழுதினால் காகிதம் கருகும். திட்டி முடித்து மூச்சு வாங்கியவள், நான் பயந்ததையே சொன்னாள். "ஏங்க, மரக்கடை வீட்டுக்குப் போட்டுக் குடுங்க. நான் மன்னிப்புக் கேட்டுக்கிறேன். வேலைய விட்டுடுவான்னு சொல்லிடறேன்."

"அம்மா!" என்றேன்.

"நீ பேசாத."

அந்த இடத்தில் என் அண்ணன், "ஒரு நிமிஷம்" என்றான். யாரையும் பார்க்கவில்லை. டேட்டாபேஸை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொண்டான். பிறகு பெண்கள் பக்கம் இருந்த கேள்விகளையெல்லாம் மாப்பிள்ளைகள் பக்கமும் கட்டங்களாகச் சேர்த்தான். "தம்பி, என்ன பண்றீங்க?" என்று புரோக்கரம்மா அலறினார். மாப்பிள்ளைகள் ஒவ்வொருவர் பெயருக்கு எதிரிலும் வரிசையாகக் காலிக் கட்டங்கள் முளைத்தன.

"ரெண்டு பக்கமும் பதில் இருந்தாத்தான் மேடம் பொருத்தம் வரும். காலியா இருந்தா என் புரோகிராம் கணக்குப் போடாது. கேட்டுத்தான் ஆகணும்."

"சரி, மரக்கடையிலேருந்தே ஆரம்பிங்க" என்றேன். "எப்படியும் கூப்பிடத்தானே போறீங்க?"

புரோக்கரம்மாவுக்குக் கூச்சம். நம்பரைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி, ஃபோனை என் கையில் திணித்துவிட்டார். பையனே எடுத்தார். பின்னால் ரம்பம் ஓடும் சத்தம்.

"தகவல் மையத்துலேருந்து பேசறேங்க. உங்க விவரத்துல சிலது விட்டுப்போயிருக்கு. சமைக்கத் தெரியுமா?"

"எனக்கா?" சிரித்தார். "தெரியாதுங்க."

"கோபம் வருமா?"

"அப்படியெல்லாம் இல்லீங்க."

குரல் சாதுவாகத்தான் இருந்தது. அம்மா என்னைப் பார்த்து, பார்த்தாயா என்று தலையை ஆட்டினாள்.

"கல்யாணத்துக்கப்புறம் மனைவி வேலைக்குப் போறதுல உங்களுக்குச் சம்மதமா?"

ரம்பம் நின்றது.

"அது அம்மாவத்தாங்க கேக்கணும்."

"உங்களுக்கு என்ன தோணுது?"

"எனக்கு..." மறுபடியும் ரம்பம். "எங்கிட்ட யாரும் கேட்டதில்லயே. இருங்க, அம்மாகிட்டயே தரேன்."

அம்மாவின் கை குறுக்கே வந்து ஃபோனை அணைத்தது.

"வேணாம்" என்றாள். "என் பொண்ணு தலைவலிக்குதுன்னா, மாத்திர தரட்டுமான்னு அதுக்கும் அவங்கம்மாகிட்ட கேட்டுட்டு வருவான் இவன்." புரோக்கரம்மா பக்கம் திரும்பினாள். "இந்தக் கட்டமெல்லாம் நெறஞ்சப்புறம் எங்கள கூப்பிடுங்க. அதுவரைக்கும் எம்பொண்ணு படத்த யாருக்கும் காட்டாதீங்க."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அம்மா முன்னால் உட்கார்ந்துகொண்டாள். நானும் அண்ணனும் பின்னால்.

"உன் சோதனை டேட்டாபேஸ்ல பாத்தேன். என் பேருக்கு நேரா, வேலைய விடச் சம்மதமில்லன்னு நீதானே போட்ட? ஃபாரத்துல நான் அத நிரப்பவே இல்லயே" என்றேன்.

"ம்."

"ஏன்?"

"நீ விட மாட்டன்னு தெரியும். டெஸ்ட் பண்றதுன்னா, சந்தேகமே இல்லாம தெரிஞ்ச ஒண்ண வச்சுத்தான் ஆரம்பிக்கணும். அது தப்பா வந்தா புரோகிராம்தான் தப்பு."

அவன் தோளைத் தட்டத் தோன்றியது எனக்கு. கூடவே கோபமும் வந்தது. "இவ்வளவு நிச்சயமாத் தெரிஞ்சவன், நான் அன்னிக்கு அழுதப்போ அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"என்ன யாரும் கேக்கலயே."

"மரக்கடைக்காரனும் இதையேதான் சொன்னான்" என்றேன்.

அவன் இறங்கும்வரை கையிலிருந்த ஒயரைச் சுற்றிச் சுற்றிப் பிரித்துக்கொண்டிருந்தான்.

வீட்டில் அப்பா ஒழுகுகிற குழாய்க்குக் கீழே வாளியை மாற்றிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்து, "என்னாச்சு? மரக்கடை வீட்ல மறுபடி பேசினீங்களா?" என்றார். அம்மா வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முன்னால் போய் நின்றான். முகம் சிவந்து, வியர்த்து, வாந்தி எடுக்கப்போகிறவன் மாதிரி இருந்தான். அவனை யாரும் எதுவும் கேட்டிருக்கவில்லை.

"அப்பா, அவ வேலைய விட மாட்டா. விடச் சொல்ற எடத்துக்கு அவளக் குடுக்கக் கூடாது."

அப்பா அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"யாருடா விடச் சொன்னது?" என்றார், மரக்கடை வீட்டுக்குப் பாதி வாக்குக் கொடுத்துவிட்டு வந்த அப்பா, சுத்தமான ஆச்சரியத்தோடு.